கிரேக்கப் படத்து மாப்பிள்ளை

சிவபாதம் கிரேக்கப் படம் ஒன்றில் மாப்பிள்ளையாக நடித்தவர். இதை நம்பாதவர்கள் கனடாவில் அவர் குடியிருந்த வோபர்னில் நிறையப் பேர் இருந்தார்கள், காதில் விழாதவர் ஒருவரும் இல்லை. தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும், கோயில் மண்டபத்தில் பந்திக்குக் காத்து நிற்கும்போதும், வேலைத்தலத்தில் தேநீர் குடிக்கும்போதும் பேச்சு எங்கே தொடங்கினாலும் மனிதர் அதை இழுத்துக்கொண்டுபோய்க் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் கட்டிவிடுவார். முதுகுக்குப் பின்னால் ‘கிரீக் மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வரவில்லை. உள்ளூர அந்தப் பெயர் பிடித்துமிருந்தது.

கதை இதுதான். வல்வெட்டித்துறைப் பொடியன் சிவபாதம் இருபத்துமூன்று வயதில் கிரேக்கச் சரக்குக் கப்பல் ஒன்றின் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு. கப்பல் பழுதாகிப் பிரேயஸில் கிடந்தது. ஒரு நாள் துறைமுகத்துக் கோப்பிக் கடைக்குள் மெல்லிய மீசைக்காரன் ஒருவன் வந்து, இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் சிவபாதத்துக்கு முன்னால் நின்றான். “சினிமா” என்றான். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஸ்ரூடியோவில் ஒரு பெண் அவனை இருத்தி முகத்துக்கு மை பூசினாள். கறுத்த கோட்டுப் போட்டுவிட்டார்கள். சப்பாத்து இறுக்கிப் பிடித்தது. கையில் ஒரு கொத்துப் பூவைத் தந்து, கதவைக் காட்டி, எப்படி வரவேண்டும் என்று மீசைக்காரன் நடந்து காட்டினான். கதவைத் திற. உள்ளே வா. சிரி. பூவை நீட்டு. அவ்வளவுதான். புதுக் கோட்டு, பூங்கொத்து, வீட்டு வாசல், எதிரே ஒரு பெண் பிள்ளை என்றால் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் எவனும் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுப்பான். பெண் பார்க்க வந்திருக்கிற மாப்பிள்ளை.

எதிரே பெண் பிள்ளை இருந்தாள் என்பது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. உண்மையில் அந்த அறையில் கமெராவும் அதைச் சுற்றி நின்ற ஆட்களும்தான். நடிகர் நடிகைகள் தங்கள் பங்கை முதல் நாளே நடித்து முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சிவபாதம் எங்கே பார்க்கவேண்டும் என்பதற்காக ஒரு தடியில் வெள்ளைத் துணி கட்டிப் பிடித்திருந்தார்கள். அவன் அந்தத் துணியைப் பார்த்துத்தான் சிரித்தான், பூவை நீட்டினான். நல்லாகச் செய்தான் என்று முதுகில் தட்டி, பொரித்த மீனும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். படம் திரைக்கு வருவதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது. படத்தின் பெயரைக்கூட அவன் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

ஊரில் கலியாணத் தரகர் இந்தக் கதையை நல்ல விலைக்கு விற்றார். மாப்பிள்ளை வெளிநாட்டுப் படத்தில் நடித்தவர் என்று கேட்டதும் பெண் வீட்டில் சாதகத்தைப் பிறகுதான் திறந்து பார்த்தார்களாம். கமலாம்பிகை கழுத்தை நீட்டினாள். கலியாணமான முதல் மாதங்களில் அவள் தினமும் கேட்டது அந்தக் கிரேக்க நடிகை தன்னைவிட வடிவா என்பதைத்தான். வெள்ளைத் துணியை நினைத்துக்கொண்டு சிவபாதம், “உம்மடை அளவுக்கு இல்லை” என்று சத்தியமாகச் சொன்னார்.

பிறகு வந்தது எல்லாருக்கும் வந்ததுதான். கப்பல் வேலை போனது. சண்டை வந்தது. எண்பத்தேழில் அவர் தனியாகக் கனடா வந்து சேர்ந்தார், மனைவியும் மகள் நிலக்சியும் இரண்டு வருடம் கழித்து வந்தார்கள். ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் வாளி வார்க்கிற தொழிற்சாலை ஒன்றில், இருபது வயதுப் பொடியன்கள் “ஏய் சிவா” என்று கூப்பிட, அவர் சூடான வாளிகளின் விளிம்பைக் கத்தியால் சீவிக்கொண்டு நின்றார். உலகத்தில் பாதித் துறைமுகங்களில் காலை வைத்த மனிதர் மார்க்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் படக்கதையை எடுத்துவிட்டால் அவரிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. கிரேக்கர்களின் டான்போர்த் வீதி ஒரு பஸ்ஸும் ஒரு சப்வேயும் தூரத்தில் இருந்தும், இத்தனை வருடத்தில் அங்கே போய் அப்படி ஒரு படம் உண்டா என்று ஒரு வீடியோக் கடையிலும் அவர் விசாரிக்காததற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

விசாரித்தவன் ட்ரெவர்.

ட்ரெவர் ஜமேக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தார் ஒருவரின் மகன். ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நிலக்சிக்கு இருபத்துநாலு வயதானபோது, தொண்ணூற்றாறாம் ஆண்டு, அவள் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, நான் கட்டினால் இவரைத்தான் கட்டுவேன், ஆனால் நீங்கள் சம்மதிக்கவேணும் என்று நின்றாள். கமலாம்பிகை குசினிக்குள் போய் அழுதாள். “சனம் என்ன கதைக்கும், இஞ்சாருங்கோ? ஒரு காப்பிலியை மருமோன் எண்டு எந்த முகத்தோட கூட்டிக்கொண்டு திரியிறது?” சிவபாதம் உடனே இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவருக்கும் அந்த நிறம் தொண்டையில் முள்ளாகத்தான் நின்றது. தான் என்ன நிறம் என்பதை எங்கள் ஆட்கள் கண்ணாடியில் பார்த்தாலும் நம்பமாட்டார்கள்.

ஆனால் ட்ரெவரிடம் ஒரு குணம் இருந்தது. கதை கேட்பான். வோபர்னில் எல்லாரும் சிரித்துக்கொண்டு கேட்ட அந்தக் கதையை அவன் முன்னால் குனிந்திருந்து கேட்டான். கேள்விகள் கேட்டான். அந்த வாசலுக்கு என்ன நிறம்? என்ன பூ? எந்த மாதம்? அவனுடைய பாட்டனும் கப்பற்காரராம். நிலக்சி இடையில் இருந்து தமிழும் ஆங்கிலமுமாக மாற்றி மாற்றிச் சொல்ல, சிவபாதம் பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கதையை அவசரப்படாமல், முழுசாகச் சொன்னார். அன்றைக்கு அவன் போன பிறகு, “பொடியன் பிழையில்லை” என்றார். கமலாம்பிகை கோப்பைகளைக் கழுவினாள்.

கார்த்திகை மாதம் ஒரு மாலை நிலக்சி வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

“அப்பா, ட்ரெவர் உங்கடை படத்தைக் கண்டுபிடிச்சிட்டார்.”

“எந்தப் படம்?”

“நீங்கள் நடிச்ச படம். டான்போர்த்திலை ஒவ்வொரு வீடியோக் கடையா ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு கிழவி சொன்னவவாம், இந்தியாக்காரன் மாதிரி ஒராள் பூவோட வாற படம் தனக்குத் தெரியும் எண்டு. வாற ஞாயிற்றுக்கிழமை அவையின்ரை சேர்ச் ஹோலிலை போடீனம். இங்கிலிஷ் எழுத்தும் கீழ வருமாம்.”

சிவபாதத்துக்கு முதலில் வந்தது பயம். அது ஒரு நிமிடம்தான். பிறகு வந்த சந்தோஷத்தில் மனிதர் இருந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்து போய்ப் பல்கனிக் கதவைத் திறந்து குளிரை உள்ளே விட்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார்: “படம் பாத்திட்டு வந்து பிள்ளைக்கு என்ரை சம்மதத்தைச் சொல்லப்போறன். நீர் குறுக்கை நிக்கக்கூடாது. எனக்காக இவ்வளவு அலைஞ்ச ஒருத்தனை இந்த நாட்டிலை நான் காணேல்லை.” கமலாம்பிகை சோற்றைப் பிசைந்தாள். “நீங்கள் மாப்பிள்ளையா வாறதை நான் முதல் பாக்கிறன். பிறகு மற்ற மாப்பிள்ளையைப் பற்றி யோசிக்கிறன்” என்றாள். அதுவே பாதிச் சம்மதம்.

ஞாயிறன்று கமலாம்பிகை காஞ்சிபுரம் சேலைக்கு மேல் குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டாள். சிவபாதம் கழுத்துக்கு ரை கட்டினார். நாலு பேருமாக அவர் அந்த வருடம் வாங்கிய பழைய வான் வண்டியில் போனார்கள். சேர்ச்சின் கீழ்மாடி மண்டபத்தில் மடக்குக் கதிரைகள் போட்டு, சுவரில் வெள்ளைச் சீலை கட்டியிருந்தார்கள். கறுப்பு உடுத்த கிழவிகளும், கோப்பிக் கோப்பையோடு கிழவர்களும், கிரேக்கம் தெரியாத பேரப்பிள்ளைகளுமாக மண்டபம் நிறைந்திருந்தது. எள்ளுப் பிஸ்கற் கொடுத்தார்கள். ஒரு கிழவர் நட்பாகத் தலையாட்டினார். இவர்களுக்கு இன்னும் தெரியாது, படம் முடியட்டும் என்று சிவபாதம் நினைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

கறுப்பு வெள்ளைப் படம். துணிக்கடைக்காரர் ஒருவர், அவருக்கு ஒரே மகள். மகளுக்கு ஒரு ஏழைப் பாட்டுக்காரன்மேல் விருப்பம். தகப்பன் கொண்டுவந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அவள் ஏதோ குறை சொல்லி ஓட்டிவிடுகிறாள். ஒவ்வொரு மாப்பிள்ளையும் பூங்கொத்தோடு வாசலுக்கு வரும்போது கமலாம்பிகை கணவனின் கையைத் தட்டி, “இவரோ? இவரோ?” என்று கேட்டாள். ஒருவன் மொட்டை, ஒருவன் குண்டன், ஒருவன் திக்குவாயன். “இல்லை, பொறும்” என்றார் சிவபாதம். கடைசியில் தகப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று கையை உயர்த்தினான். அவன் சொன்னது கீழே ஆங்கிலத்தில் வந்தது. நாளைக் காலை இந்த வாசலால் முதலில் வருகிற ஆணுக்கு இவளைக் கட்டிக்கொடுக்கிறேன்.

விடிகிறது. தாய், தகப்பன், மாமி எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரோ தட்டுகிறார்கள். கதவு திறக்கிறது.

தார் பூசியது போன்ற முகம். அதற்கு நடுவில் பல். அளவில்லாத கோட்டு. பாட்டுக்காரன் கொடுத்தனுப்பிய பூங்கொத்தைக் கொண்டுவந்த துறைமுகக் கூலி ஒருவன், காது வரை சிரித்துக்கொண்டு நின்று, பூவை நீட்டினான்.

மண்டபம் சிரிப்பில் இடிந்து விழுந்தது. திரையில் தாய்க்காரி சிலுவைக் குறி போட்டபடி பின்னுக்குச் சரிந்தாள். பெண் வீரிட்டுக்கொண்டு கதிரைக்குப் பின்னால் ஒளிந்தாள். மாமி சாம்பிராணிக் கிண்ணத்தைத் தூக்கி வந்து வாசல் முழுக்கப் புகை காட்டினாள். தகப்பன் மாதா படத்தைத் திரும்பிப் பார்த்து, நான் முதலாவது என்றா சொன்னேன், இரண்டாவது என்றல்லவா சொன்னேன் என்று சொல்லிக் கதவை அடித்துச் சாத்தினான். கிழவர்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். சாம்பிராணியைக் கண்ட கமலாம்பிகை சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நிலக்சிகூட முதலில் சிரித்துவிட்டாள். பிறகு பக்கத்தில் ட்ரெவர் இருப்பது நினைவு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

சிவபாதம் அந்தத் தடியையும் வெள்ளைத் துணியையும் தேடிக்கொண்டிருந்தார். அவர் சிரித்தது துணியைப் பார்த்து. துணி இருந்த இடத்தில் திரையில் அலறிய இவர்கள் இருந்திருக்கிறார்கள். முப்பது வருடமாக அவர் எவளுக்கோ பூ நீட்டிக்கொண்டு நின்றார், முப்பது வருடமாக அவள் கதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். ஸ்ரூடியோவில் அந்தப் பெண் முகத்தில் பூசியது எல்லா நடிகருக்கும் பூசுகிற பூச்சு என்றல்லவா நினைத்தார். அவருடைய கறுப்பு அவர்களுக்குப் போதாமல் போயிருக்கிறது. மாப்பிள்ளையுமில்லை, ஒன்றுமில்லை. படத்தில் அவன் திரும்பி வரவுமில்லை. இரண்டாவதாக வந்த பாட்டுக்காரன் பெண்ணைக் கட்டினான், எல்லாரும் ஆடினார்கள், மண்டபத்தில் விளக்குப் போட்டார்கள்.

“என்னப்பா, நீங்கள் எதிலை வந்தனீங்கள்?” என்று கேட்டாள் கமலாம்பிகை. “நான் கண் வெட்டாமல் பாத்துக்கொண்டிருந்தன்.”

அவளுக்குத் தெரியவில்லை. கட்டி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரே பாயில் படுத்தவளுக்குத் தெரியவில்லை. பெற்ற மகளுக்கும் தெரியவில்லை. சிவபாதத்துக்கு மூச்சு வந்தது.

“வெட்டிப்போட்டாங்கள்” என்றார். “என்ரை கட்டத்தை முழுசா வெட்டிப்போட்டாங்கள்.”

நிலக்சியின் முகம் வாடிவிட்டது. அவள் ட்ரெவரிடம் ஆங்கிலத்தில் அதைச் சொன்னாள். ட்ரெவர் சிவபாதத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். ஓம், பழைய படங்களில் அப்படி நிறைய வெட்டுவார்கள் என்றான்.

பெண்கள் இருவரும் கழிப்பறைக்குப் போனார்கள். கோட்டுகள் தொங்கிய ஒடுக்கமான நடையில் இரண்டு ஆண்களும் தனியாக நின்றார்கள். சிவபாதம் கோட்டின் கையைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தார். ட்ரெவர் அதைப் பிடித்துக் கொடுத்தான். பிறகு மெதுவாக, அவருக்கு விளங்க வேண்டும் என்று சொல்லுக்குச் சொல் நிறுத்தி, ஆங்கிலத்தில் சொன்னான். அது நீங்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் சிரிப்பு மாறவில்லை. அந்த வாசலில் நீங்கள் மரியாதையாகத்தான் வந்து நின்றீர்கள். இதைத் தேடிப் பிடித்ததற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

சொல்லிவிட்டு அவருடைய தோளில் கையை வைத்தான்.

அவன் சிரித்திருந்தால் சிவபாதம் பொறுத்திருப்பார். மண்டபம் முழுக்கச் சிரித்ததை அவர் அந்த நேரத்திலேயே பொறுத்துக்கொண்டாயிற்று. மனைவி சிரித்ததையும் பொறுத்துக்கொண்டாயிற்று. ஆனால் அந்தக் கை, வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவன் பக்கத்தில் நிற்கிற இன்னொருவனின் தோளில் வைக்கிற கை. அதற்கு அவர் எப்போது இடம் கொடுத்தார்? வாளி சீவினாலும், பஸ்ஸுக்கு நின்றாலும், அவனும் தானும் ஒன்று என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவன் வீட்டுக்கு வந்தால் இவர் சம்மதம் கொடுக்கிறவர், அவன் கேட்டு நிற்கிறவன். இனி அவன் ஒவ்வொரு தீபாவளிக்கும் வருவான், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவான், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து இரக்கத்தோடு பார்ப்பான்.

“அது நானில்லை” என்றார் ஆங்கிலத்தில்.

“சரி, சேர்” என்றான் ட்ரெவர். கையை எடுத்துக்கொண்டான்.

வீடு திரும்பும்போது வானில் கமலாம்பிகைதான் கதைத்துக்கொண்டு வந்தாள். கணவனைத் தேற்றுகிறாளாம். “விடுங்கோப்பா, படமெண்டால் வெட்டுறதுதானே. நீங்கள் நடிச்சது நடிச்சதுதான்.” கொஞ்சத் தூரம் போனதும் அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. “ஆனா அந்தக் காப்பிலி பூவோட வந்து நிண்ட நிலை இருக்கே. அந்த மனிசி சாம்பிராணி பிடிச்சவள், அப்பிடியே எங்கடை பெரியம்மா.”

“அம்மா, வாயை மூடுங்கோ” என்றாள் நிலக்சி.

“ஏன், அவருக்குத் தமிழ் விளங்கவே போகுது?”

சிவபாதம் பாதையைப் பார்த்து வானை ஓட்டினார். பின் கண்ணாடியில் ட்ரெவரின் முகம் தெரிந்தது. கமலாம்பிகை சொன்னது அவனுக்கு விளங்கியிருக்காது, அவள் யாரைச் சொல்கிறாள் என்பது விளங்கியிருக்கலாம். அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தான். சிவபாதம் அந்தக் கண்ணாடியைக் கையால் மேலே திருப்பிவிட்டார்.

சம்மதம் பற்றி அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. தமிழ்க் கடையில் யாரோ பிரேயஸைப் பற்றிக் கேட்டபோது வாழைக்காய் விலையைப் பற்றிக் கதைத்தார். சனிக்கிழமை மத்தியானம் நிலக்சி அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கமலாம்பிகை அடுப்படியில் நின்றாள்.

“அப்பா, நீங்கள் முடிவு சொல்லுறன் எண்டு சொன்னனீங்கள்.”

“எனக்குச் சரிவராது, பிள்ளை.”

கமலாம்பிகை அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு கிழமையில் அவள் தன் மனதைப் பாதிக்கு மேல் திருப்பிவிட்டிருந்தாள். “போன கிழமை நீங்கள்தானே…” என்று தொடங்கியவளை அவர் பார்த்த பார்வையில் அவள் நிறுத்திக்கொண்டாள்.

“ட்ரெவர் ஏதும் பிழையாக் கதைச்சவரோ?” என்று கேட்டாள் நிலக்சி.

“இல்லை.”

“அண்டைக்குப் படம் பாக்கேக்கை ஏதும் நடந்ததோ? வந்த நேரம் தொடக்கம் நீங்கள் ஒரு மாதிரி. அவரைக் கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறார்.”

அப்படியானால் அவன் சொல்லவில்லை. இவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்தும் அவன் வாய் திறக்கவில்லை. அவனைப் போல ஒருவன் தன் மகளுக்குக் கிடைக்கமாட்டான் என்பது அந்த நிமிடத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. அதே நிமிடத்தில் அவன் முகத்தை இனி ஒரு தரமும் பார்க்க முடியாது என்பதும் தெரிந்தது.

“ஒண்டும் நடக்கேல்லை.”

“அப்ப காரணத்தைச் சொல்லுங்கோ.”

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். அவள் விடவில்லை.

“நேரா ஒண்டு கேக்கிறன் அப்பா. அவர் கறுப்பெண்டபடியாத்தானே?”

கேட்டுவிட்டு அவள் அவர் மறுப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் மறுப்பார் என்று அவள் நம்பினாள், அது அவள் முகத்தில் எழுதியிருந்தது. மறுத்தால் வேறு காரணம் சொல்ல வேண்டும். வேறு காரணம் என்றால், அந்த மண்டபத்தில் சிரித்துக்கொண்டு பூ நீட்டினவன் நான்தான், நீயும் கொம்மாவும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள் என்று சொல்ல வேண்டும். நிறம் பார்த்து மகளைக் கொடுக்காத தகப்பன்மார் வோபர்னில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவனாக இருப்பது அவருக்குச் சுலபமாகப் பட்டது.

“ஓம்” என்றார்.

நிலக்சி எழுந்தாள். கதிரையை மேசைக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு அறைக்குள் போய்த் தன் உடுப்புகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள்.